மீதியை வெள்ளித்திரையில் காண்க

(அந்தமான், டெய்ரி ஃபார்ம் பகுதித் தோழர்களுக்கான பண்பாட்டு வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கட்சி வகுப்பில் திரைப்பட முன்னோட்டத்தைப் பற்றிப் பேசலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. விலைவாசி உயர்வும் வேலையின்மையும் தனியார்மயமும் அழுத்திக்கொண்டிருக்கும் வேளையில், இரண்டரை நிமிட விளம்பரத் துண்டுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவது ஆடம்பரமாகத் தோன்றக்கூடும். ஆனால் மக்களிடம் கருத்துகள் எந்த வழியாகச் சென்று சேர்கின்றன என்பதை ஆராய்வது கட்சி ஊழியரின் அன்றாடக் கடமைகளுள் ஒன்று. அந்த வழிகளில் இன்று மிக அகலமானவற்றுள் ஒன்று, டிரெய்லர் என்று எல்லோரும் சொல்லும் முன்னோட்டம்.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையிலான கடலடிக் கண்ணாடி இழைக் கம்பிவடம் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பணியை நிறைவேற்றியது பொதுத்துறை நிறுவனமான பிஎஸ்என்எல். அதற்கு முன் செயற்கைக்கோள் வழியே கிடைத்த சொற்ப அலைவரிசையை நம்பியிருந்த தீவுகள் இவை. சென்னையிலிருந்து கப்பலில் வந்துசேர இன்றும் ஏறக்குறைய மூன்று நாட்கள் ஆகின்றன. ஆனால் சென்னையில் வெளியாகும் முன்னோட்டம் அதே நொடியில் டெய்ரி ஃபார்மில் ஓர் இளைஞரின் கைபேசியிலும் ஓடத் தொடங்குகிறது. படம் பின்னால்தான் வரும். வந்தாலும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கச் சிலரால்தான் முடியும். முன்னோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே படத்தைப் பார்க்காதவர்களும் முன்னோட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை முன்னோட்டம்தான் படம்.

இந்தச் சிறு வடிவத்தைக் கலையாக ரசிக்கக் கற்பதும், அதே கையோடு அதை நிறுத்துப் பார்க்கக் கற்பதும் இன்றைய வகுப்பின் நோக்கங்கள். ரசிக்கத் தெரியாதவரால் சரியாக நிறுக்கவும் இயலாது.

பாட்டுப் புத்தகத்திலிருந்து கைபேசிக்கு

டிரெய்லர் என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். தொடக்க காலத்தில் அது படம் முடிந்த பின்பு காட்டப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது. 1913இல் அமெரிக்காவில் மார்கஸ் லோ என்பவருடைய திரையரங்குகளின் விளம்பரப் பொறுப்பாளராக இருந்த நில்ஸ் கிரான்லண்ட், மேடையேறவிருந்த ஓர் இசை நாடகத்தின் ஒத்திகைக் காட்சிகளைக் கொண்டு சிறு துண்டுப்படம் ஒன்றைத் தயாரித்துத் திரையிட்டார். முன்னோட்ட வரலாறு வழக்கமாக இங்கிருந்துதான் தொடங்கப்படுகிறது. 1919இல் நிறுவப்பட்ட நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் பின்னர் அமெரிக்கத் திரையரங்குகளுக்கான முன்னோட்டத் தொழிலைப் பல பத்தாண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தது. ரசிகனின் ஆவலைக்கூட ஏகபோகமாக்க முடியும் என்பதை முதலாளித்துவம் வெகு சீக்கிரமே கண்டுகொண்டது.

தமிழகத்தில் இந்தக் கலைக்கு வேறொரு வேர் உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து திரையிடும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அக்காலம் தொட்டு மாட்டு வண்டியும் தப்பும் நோட்டீசும் ஒலிபெருக்கியும்தான் முன்னோட்டங்கள். அவற்றுள் மிகச் சிறந்தது பாட்டுப் புத்தகம். சில காசுகளுக்கு விற்ற அந்த மெல்லிய புத்தகத்தில் பாடல்களோடு கதைச் சுருக்கமும் இருக்கும். கதாநாயகி ஆற்றில் விழுவாள். அண்ணன் சிறைக்குச் செல்வான். சொத்து வில்லன் கைக்குப் போகும். சரியாக அந்த இடத்தில் சுருக்கம் நின்றுவிடும். கீழே ஒற்றை வரி: "மீதியை வெள்ளித்திரையில் காண்க."

அந்த வரியில் முன்னோட்டக் கலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எதை மீதி வைப்பது என்ற மூன்றையும் அறிந்தவரே நல்ல முன்னோட்டம் செய்கிறார். அதில் ஒரு வாக்குறுதியும் உண்டு. மீதி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. வந்து பார்த்தால் கிடைக்கும் என்பதே அந்த வாக்குறுதி.

வெட்டும் கை

முன்னோட்டத்தைத் தொகுப்பவரிடம் பல மணி நேரக் காட்சிகள் வந்து குவிகின்றன. பல வேளைகளில் படம் முழுமை பெறுவதற்கு முன்பே அவர் தம் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. முன்னோட்டத்தில் கண்ட சில காட்சிகள் படத்தில் காணாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். குவிந்து கிடப்பதிலிருந்து அவர் இரண்டரை நிமிடங்களைச் செதுக்கி எடுக்கிறார்.

அமைப்பு பெரும்பாலும் மூன்று படிகளாக இருக்கும். முதலில் ஓர் உலகம் அமைதியாக அறிமுகமாகும். பிறகு அந்த அமைதியைக் குலைக்கும் ஒன்று நிகழும். கடைசியில் காட்சிகள் மூச்சுவிடாமல் ஒன்றன்மேல் ஒன்று விழும். இசை உச்சத்துக்கு ஏறும். திடீரென்று எல்லாம் நின்று திரை கறுக்கும். அந்தக் கறுப்பு வெறுமை அன்று. முன்னால் கண்டதைப் பார்வையாளர் தம் மனத்துக்குள் சேர்த்துக்கொள்ளத் தரப்படும் இடைவெளி அது. அதன் பின் ஒரே ஒரு சொல்லோ ஒரே ஒரு பார்வையோ வந்து தைக்கும். படத்தின் பெயர் தோன்றும்.

இதில் ஒலியின் பங்கு காட்சியின் பங்குக்குக் குறைந்ததன்று. ஒரு காட்சியில் பேசப்பட்ட வசனம் அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, முற்றிலும் வேறொரு காட்சியின் மீது ஏற்றப்படுகிறது. தாய் மகனிடம் சொன்ன ஆறுதல் மொழி, போர்க்களக் காட்சியின் மீது ஒலிக்கும்போது சபதமாக மாறிவிடுகிறது. சொல்லும் மாறவில்லை, காட்சியும் மாறவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு பொருள் பிறக்கிறது.

இந்த உண்மையைச் சோதித்துக் காட்டியவர்கள் சோவியத் கலைஞர்கள். லெவ் குலஷோவ் உணர்ச்சியற்ற ஒரு நடிகரின் முகத்தை எடுத்துக்கொண்டு, அதனருகே ஒருமுறை சூப்புக் கிண்ணத்தையும், ஒருமுறை சவப்பெட்டியையும், ஒருமுறை ஒரு பெண்ணையும் இணைத்தார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டதாகச் சொல்லப்படுகிறது. எஸ்ஃபிர் ஷூப் என்ற பெண் படத்தொகுப்பாளர் ஜார் மன்னர் காலத்துச் செய்திப் படங்களையும் அரண்மனைப் படச்சுருள்களையும் தேடி எடுத்து, 1927இல் 'ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' என்ற படத்தை உருவாக்கினார். மன்னரின் பெருமைக்காக எடுக்கப்பட்ட காட்சிகளே, உழைப்பாளரின் காட்சிகளுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டபோது மன்னராட்சிக்கு எதிரான சாட்சிகளாயின. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரச்சார ரயில்கள் குறும்படங்களைச் சுமந்துகொண்டு கிராமங்களுக்குச் சென்றன. சில நிமிடங்களில் ஒரு கருத்தைப் பதியவைக்கும் வித்தையை எழுத்தறியாத உழவர்களின் முன்னால் வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள். புரட்சிக்காகக் கூர்தீட்டப்பட்ட அந்தக் கருவி இன்று பெரும்பாலும் சந்தையின் கையில் இருக்கிறது. அதற்காகக் கருவியைப் பழிப்பதில் பயனில்லை; அதன் கூர்மையை அறிந்துகொள்வதே தேவை.

மேலும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். முன்னோட்டம் வெளியான நாளில் நடிகரின் பெயர் முழங்குகிறது. ஒரே நாளில் எத்தனை பார்வைகள் என்ற கணக்கு இன்னொரு விளம்பரமாகிறது. அதை வெட்டித் தொகுத்தவரின் பெயரையோ, ஒலியைச் சேர்த்தவரின் பெயரையோ பெரும்பாலான ரசிகர்கள் அறிவதே இல்லை. கண்ணில் படாத உழைப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மீதி வைக்கத் தெரிந்தவர்கள்

இந்தக் கலையின் நல்ல முன்மாதிரிகள் மூன்றைப் பார்க்கலாம்.

1941இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்துக்கு ஆர்சன் வெல்ஸ் செய்த முன்னோட்டத்தில் அவருடைய குரல் கேட்கும், முகம் தெரியாது. கதையைச் சொல்லாமல், அதுவரை திரையுலகம் அறியாத தம் நாடகக் குழுவின் நடிகர்களை ஒவ்வொருவராக அழைத்து அவர் அறிமுகம் செய்கிறார். இயக்குநரும் கதாநாயகனும் தாமாக இருந்தும், விளம்பரத்தின் வெளிச்சத்தைச் சக கலைஞர்கள் மீது திருப்பிவிட்ட செயல் அது.

1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 'சைக்கோ' படத்துக்கு ஆறு நிமிடங்களுக்கும் மேற்பட்ட முன்னோட்டம் ஒன்றை அமைத்தார். சுற்றுலா வழிகாட்டியைப்போல் அவரே படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிக்காட்டுகிறார். இங்கேதான் நடந்தது என்கிறார். என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுத்துப் பாதியில் நிறுத்துகிறார். கடைசியில் குளியலறைத் திரையை விலக்க, ஒரு பெண் அலறுகிறாள். அந்தப் பெண் படத்தில் அக்காட்சியில் நடித்தவர் அல்லர். படத்தின் மற்றொரு நடிகை. எல்லாவற்றையும் காட்டியதுபோல் தோன்றும், எதுவும் வெளிப்பட்டிருக்காது.

தமிழில் 'கபாலி' டீசர் நல்ல எடுத்துக்காட்டு. பா. இரஞ்சித் இயக்கிய அப்படத்தின் டீசர் 2016 மே தினத்தன்று வெளியானது; ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும். பழைய தமிழ்ப் படங்களில் கபாலி என்பது வில்லனின் அடியாளுக்கு வைக்கப்படும் பெயர். முதலாளி கூப்பிட்டதும் குனிந்து வந்து நிற்பவன் அவன். கோட்டு அணிந்த ரஜினிகாந்த் அந்த நினைவைத் தம் வாயாலேயே எடுத்துச் சொல்லி, அப்படிப்பட்ட கபாலி என்று நினைத்தாயா என்று கேட்கிறார். பல பத்தாண்டுகளாகத் திரையில் உழைக்கும் மக்களின் பெயர்களுக்கு இழைக்கப்பட்ட இழிவை ஒரே ஒரு வசனம் புரட்டிப்போட்டது. பார்வையாளரின் பழைய நினைவையே மூலப்பொருளாக எடுத்து வேலை செய்த டீசர் அது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் உண்டு. மலேசியத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிப் போராட்டமும், பிரிந்துபோன மனைவியைத் தேடும் முதியவரின் ஏக்கமும் படத்தின் உள்ளோட்டங்கள். டீசரின் கனமோ கோட்டின் மீதும் நடையின் மீதும் விழுந்தது. அதிரடியை மட்டும் எதிர்பார்த்துச் சென்றவர்களில் பலர் ஏமாற்றத்தோடு திரும்பினர். மிகத் திறமையான முன்னோட்டம்கூடத் தன் படத்துக்கே இடையூறாக முடியும் என்பதற்கு இது பாடம்.

இம்மூன்றும் ஒளித்துவைக்கின்றன. ஆவலைத் தூண்டுவதற்காக ஒன்றை ஒளித்துவைப்பது கலை. ஆனால் ஒளித்துவைப்பது வேறு, ஒழித்துக்கட்டுவது வேறு. முன்னதில் மீதி இருக்கும். தேடிச் செல்பவருக்குக் கிடைக்கும். பின்னதில் மீதியைத் தேட வேண்டும் என்ற எண்ணமே எழாதபடி பார்த்துக்கொள்ளப்படும்.

உண்மையான சுவர், பொய்யான கணக்கு

இந்த வேறுபாட்டை அறிய டெய்ரி ஃபார்ம் தோழர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சில கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் செல்லுலார் சிறையே 2023 மே 28 அன்று ஒரு டீசருக்குப் பொருளாயிற்று. ரன்தீப் ஹூடா இயக்கி நடித்த 'சுதந்திர வீர் சாவர்க்கர்' படத்தின் டீசர் அது. மக்களவைத் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு 2024 ஏப்ரல் 19. படம் திரைக்கு வந்தது அதே ஆண்டு மார்ச் 22.

தொழில்திறனைப் பொறுத்தவரை அந்த டீசரில் குறை சொல்ல அதிகம் இல்லை. இருளும் விலங்கும் சிறைக்கம்பியும் மெலிந்த உடலும் கண்ணை அகலவிடாமல் பிடிக்கின்றன. சாவர்க்கர் 1911 முதல் 1921 வரை இந்தச் சிறையில் இருந்ததும், இங்கே கைதிகள் செக்கிழுக்க வைக்கப்பட்டதும் வரலாறு. அதை எவரும் மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் காட்சிகளின் மீது ஒரு குரல் ஏற்றப்படுகிறது. காந்தி அகிம்சைக் கொள்கையில் பிடிவாதமாக நிற்காதிருந்தால் இந்தியா 35 ஆண்டுகளுக்கு முன்பே விடுதலை பெற்றிருக்கும் என்கிறது அந்தக் குரல்.

1947இலிருந்து 35ஐக் கழித்தால் 1912 வருகிறது. 1912இல் காந்தி இந்தியாவிலேயே இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருந்தார். அவர் நாடு திரும்பியது 1915 ஜனவரியில். ரௌலட் சட்ட எதிர்ப்பு 1919இல், ஒத்துழையாமை இயக்கம் 1920இல். நாட்டில் இல்லாத ஒருவர், இன்னும் தொடங்கப்படாத இயக்கத்தின் மூலம், விடுதலையை எப்படித் தடுத்திருக்க முடியும்? தொடக்கப்பள்ளி மாணவர் போடக்கூடிய கழித்தல் கணக்கு இது. ஆனால் டீசரின் வேகம் கணக்குப் போட நேரம் தருவதில்லை. எண் காதில் விழுந்து முடிவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடுகிறது.

டீசரை வெளியிட்ட அறிவிப்பு, நேதாஜி, பகத்சிங், குதிராம் போஸ் ஆகியோருக்கு உந்துதலாக இருந்தவர் என்று சாவர்க்கரைப் போற்றியது. குதிராம் போஸ் வங்கத்தின் மிதுனாப்பூரில், வங்கப் பிரிவினை எதிர்ப்பு கொழுந்துவிட்ட சூழலில், பதின்ம வயதிலேயே அங்கிருந்த புரட்சிக் குழுவில் சேர்ந்தவர். 1908 ஆகஸ்ட் 11 அன்று தூக்கிலிடப்பட்டபோது அவருக்கு வயது 18. சாவர்க்கரோ 1906ஆம் ஆண்டே லண்டன் சென்றுவிட்டவர். இந்த அறிவிப்புக்கு நேதாஜியின் குடும்பத்தைச் சேர்ந்த சந்திரகுமார் போஸ் அப்போதே வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்தார்.

குலஷோவின் சோதனை இங்கே அப்படியே நடக்கிறது. காட்சி உண்மை, அதன் அருகே வைக்கப்பட்ட சொல் பொய். சுவரின் நம்பகத்தன்மை சொல்லுக்கும் ஒட்டிக்கொள்கிறது. சிறைச்சுவர் உண்மை என்பதால் கணக்கும் உண்மை என்று மனம் ஏற்றுக்கொள்கிறது.

'கேரளா ஸ்டோரி' டீசரில் இதே வித்தை வேறு வடிவில் வந்தது. 2022 நவம்பரில் வெளியான அந்த டீசரில் வெட்டுகளே அதிகம் இல்லை. முக்காடிட்ட ஒரு பெண் கேமராவை நேராகப் பார்த்துக் கண்ணீரோடு பேசுகிறார். தம்மைப்போல் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதத்துக்கு அனுப்பப்பட்டதாகச் சொல்கிறார். பேசுபவர் நடிகை. ஆனால் எடுத்த முறை ஆவணப்படத்தின் முறை. வாக்குமூலத்தின் வடிவத்தை இரவல் வாங்கியதால் வசனம் சாட்சியமாகிவிட்டது. எதிர்ப்பு எழுந்த பின் முன்னோட்டத்தின் யூடியூப் குறிப்பில் 32,000 என்பது மூன்று பெண்கள் என்று மாறியது. 2023 மே 5 அன்று கேரள உயர்நீதிமன்றத்தில், அந்த டீசரைச் சமூக ஊடகக் கணக்குகளிலிருந்து நீக்குவதாகத் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது. மே 18 அன்று உச்சநீதிமன்றம், 32,000 என்ற எண்ணுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்கச் செய்தது. இதற்கிடையில் மே 5 அன்றே, கர்நாடகத் தேர்தல் பிரச்சார மேடையில் நாட்டின் பிரதமர் அந்தப் படத்தைப் பாராட்டிப் பேசி முடித்திருந்தார்.

32,000க்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு மாநிலத்து மக்களின் மானம் இருந்தது. டீசர் நீக்கப்பட்டது, அது விதைத்துச் சென்ற எண்ணை எந்த நீதிமன்றத்தாலும் மனங்களிலிருந்து நீக்க முடியவில்லை.

சட்டம் எதுவரை வரும்?

2024 ஏப்ரல் 22 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு முன்னோட்டத்தைப் பற்றியது. 2016இல் வெளிவந்த 'ஃபேன்' என்ற இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் காட்டப்பட்ட பாடல் படத்தில் இல்லை. பாடலை எதிர்பார்த்துக் குடும்பத்தோடு சென்ற ஒருவர் நுகர்வோர் மன்றத்தை நாடினார். தேசிய நுகர்வோர் ஆணையம்வரை அவருக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது மக்களை ஊக்குவிக்கும் விளம்பரம். அது ஒப்பந்தத்துக்கான வாக்குறுதி ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

படைப்புச் சுதந்திரத்தின் கோணத்தில் அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் வழக்கு என்றால் கலைஞர் கைகட்டப்பட்டவர் ஆவார். தணிக்கையைக் கூட்டுவதும் தீர்வாகாது. அந்தக் கத்தி முதலில் பாயும் இடம் எது என்பதை முற்போக்குக் கலைஞர்கள் பட்டறிந்திருக்கிறார்கள். ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு ஒன்று உண்டு. முன்னோட்டம் சொல்வதற்குச் சட்டம் பொறுப்பேற்கச் செய்யாது என்றால், அதைச் சோதிக்கும் பொறுப்பு பார்வையாளருடையது. தனித்தனியாகப் பார்வையாளர் அதைச் செய்ய இயலாது. கூடிப் பேசுகிற அமைப்புதான் செய்ய முடியும்.

செய்முறை கடினமானதன்று. ஒரு முன்னோட்டத்தை மூன்று முறை பார்க்க வேண்டும். முதல்முறை எல்லோரையும்போல் ரசித்துப் பார்க்க வேண்டும். ரசிப்பதில் குற்றம் இல்லை. இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். காட்சிகள் மட்டும் எதைச் சொல்கின்றன என்பது தெரியும். மூன்றாம் முறை திரையை மூடிவிட்டுக் கேட்க மட்டும் வேண்டும். சொற்கள் துணையின்றி நிற்கும். அதன் பின் நான்கு கேள்விகள்: இதில் வரும் எண் எங்கிருந்து வந்தது? இந்த ஆண்டில் இவர் எங்கே இருந்தார்? இந்தக் குரல் யாருடையது? இந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய யார் இங்கே இல்லை? கிளைக் கூட்டத்தின் இறுதியில் கால் மணி நேரம் ஒதுக்கினால் இளைஞர்களோடு இதைச் செய்துவிடலாம். அவர்களுக்கு அலுப்புத் தட்டாத அரசியல் வகுப்பாகவும் அது அமையும்.

இயக்கத்தின் முன்னோட்டம்

இந்தக் கலையிடம் இயக்கம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஒரு துண்டறிக்கையில் உலக ஏகாதிபத்தியத்திலிருந்து தெருக்குழாய்வரை அனைத்தையும் அடைத்துவிட வேண்டும் என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. எதையும் விட மனம் வராத அறிக்கையை மக்கள் எளிதில் விட்டுவிடுகிறார்கள். சுவரொட்டியும் தெருமுனைக் கூட்டமும் வீதி நாடகமும் இயக்கத்தின் முன்னோட்டங்களே. ஒரு செய்தி, ஒரு முகம், ஒரு நிறுத்தம், மீதியைத் தேடிவரும்படி ஓர் அழைப்பு என்ற அடக்கம் அவற்றுக்குத் தேவை. ஆனால் அழைப்பை ஏற்று வருபவருக்கு மீதி கிடைத்தாக வேண்டும். சுருக்கமாகச் சொல்வதற்கு உரிமை உண்டு. சுருக்கத்துக்குள் பொய்யை நுழைப்பதற்கு எந்த நோக்கமும் உரிமை தருவதில்லை. எதிரியின் பொய்க் கணக்கைக் கண்டித்துவிட்டு, கூட்டத்துக்கு வந்தோர் எண்ணிக்கையை மிகைப்படுத்தி எழுதும் அறிக்கையும் அதே டீசரின் சிறு பதிப்புதான்.

செல்லுலார் சிறையைப் பற்றி உண்மையான முன்னோட்டம் ஒன்றை இரண்டு நிமிடங்களில் செய்ய முடியுமா? முடியும். 1933 மே மாதம் இங்கே அரசியல் கைதிகள் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கினார்கள். உண்ணத்தக்க உணவு, படுக்கை, சோப்பு, படிப்பதற்கான வசதி, ஒருவரோடொருவர் பேசும் உரிமை ஆகியவை அவர்களின் கோரிக்கைகளில் அடங்கும். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவரும் அந்த மாதமே மாண்டனர். மகாவீர் சிங் பகத்சிங்கின் தோழர். லாகூர் சதி வழக்கில் தண்டிக்கப்பட்டவர். போராட்டம் 46 நாள் நீடித்தது. கோரிக்கைகளில் பலவற்றை ஆங்கில அரசு ஏற்க நேர்ந்தது. அறைகளுக்குள் புத்தகங்கள் வந்தன. வாசிப்பு வட்டங்கள் பிறந்தன. 1935இல் அதே சிறைக்குள் கம்யூனிஸ்ட் கன்சாலிடேஷன் என்ற அமைப்பு உருவானது. சிட்டகாங் எழுச்சியின் வீரர் கணேஷ் கோஷ், பின்னர் வங்க விவசாயிகள் இயக்கத்தின் தலைவராக விளங்கிய ஹரேகிருஷ்ண கோனார் போன்றோர் இங்கிருந்து பொதுவுடைமையாளர்களாக வெளியேறினார்கள்.

2023இன் டீசரில் இவர்களில் யாருக்கும் இடமில்லை. மன்னிப்பு மனுக்களுக்கும் இடமில்லை. சாவர்க்கர் சிறைக்கு வந்த 1911ஆம் ஆண்டிலேயே ஒரு மனு எழுதினார். 1913 நவம்பரில் மீண்டும் எழுதி, விடுவித்தால் ஆங்கில அரசுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதியளித்தார். ஒழித்துக்கட்டப்பட்ட மீதி என்பது இதுதான்.

இந்த மீதியை எடுத்துச் சொல்ல இயக்கத்திடம் பெரும் மூலதனமோ நட்சத்திரங்களோ இல்லை. ஆனால் டெய்ரி ஃபார்மில் வாழும் தோழர்களிடம் எந்தப் படக்குழுவிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்தச் சிறை அவர்களுடைய ஊரில் இருக்கிறது. ஏழு பிரிவுகளில் எஞ்சியுள்ள மூன்றும், எதிரே உள்ள பூங்காவில் நிற்கும் அந்த மூன்று தியாகிகளின் சிலைகளும் கண்ணெதிரே உள்ளன. பகுதி இளைஞர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும். அவர்கள் கைபேசியில் பார்த்த டீசரை அங்கேயே, அந்தச் சுவரின் முன்னால், ஒலியை நிறுத்தி ஒருமுறை ஓடவிட வேண்டும். பிறகு மகாவீர் சிங்கின் பெயரைச் சொல்ல வேண்டும். அவரும் அவருடைய தோழர்களும் கேட்டவற்றுள் ஒன்று படிப்பதற்கான உரிமை என்பதைச் சொல்ல வேண்டும்.

உயிரைக் கொடுத்துப் பெறப்பட்ட அந்த உரிமை இரண்டரை நிமிடத்தோடு நின்றுவிடுவதற்காகப் பெறப்பட்டதன்று. முன்னோட்டத்தை ரசிப்போம் என்று இளைஞர்கள் சொல்லட்டும். மீதியையும் படிப்போம் என்று சேர்த்துச் சொல்ல அவர்களைப் பழக்குவது தோழர்களின் வேலை.